555 நோட்டில் ஆங்கிலம்: கடன் எழுதி அடைத்துப் பழகும் முறை

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா என்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 'பெர்ஜுந்தை' என்றால் மலாயில் தொங்குவது. தொங்குகிற ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஆங்கிலத்தில் 'தொங்கு' என்ற ஒரே சொல்லால் ஒரு வேலை கைநழுவிப் போனது.

பள்ளி முடித்த வருஷம். கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். தோட்டத்து ஆபிஸ் போனுக்கு அழைப்பு வந்தது. கிராணி, அதாவது ஆபிஸ் எழுத்தர், ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஓடிப்போய் எடுத்தால், மறுமுனையில் ஒரு அம்மா "ஹேங் ஆன்" என்றார். 'ஹேங்' என்றால் போனை வைப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டேன். மறுபடி மணி அடித்தது. மறுபடி "ஹேங் ஆன், ப்ளீஸ்". மறுபடி வைத்தேன், இந்த முறை மரியாதையாக "தேங்க் யூ" சொல்லிவிட்டு. அதற்கப்புறம் மணி அடிக்கவில்லை.

போனை வைப்பது 'ஹேங் அப்'. 'ஹேங் ஆன்' என்றால் கொஞ்சம் இருங்கள். பள்ளிக் கட்டுரையில் 'மேக்னிஃபிசென்ட்' எல்லாம் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். பெரிய சொல் தெரிந்தவனைச் சின்னச் சொல் கவிழ்த்துவிட்டது.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக் கார் போர்ச்சில் சிலருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். செம்பனை (எண்ணெய்ப் பனை) நர்சரியில் வேலை செய்யும் ஒரு அக்கா, லோரி ஓட்டும் ஒரு தம்பி, பல்கலைக்கழகம் போக எழுதும் ஆங்கிலத் தேர்வான முவெட் எழுதப்போகும் இரண்டு பிள்ளைகள், ஆஸ்திரேலியாவில் பேரப்பிள்ளை இருக்கும் ஒரு பாட்டி. இவர்களோடு முட்டி மோதித் தேறிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள். தமிழில் 'பேக்' என்று எழுதி வைத்தால் அது கையில் தூக்கும் பையா, முதுகா, கேக் சுடுவதா, மூட்டை கட்டுவதா என்று அடுத்த வாரம் உங்களுக்கே தெரியாது. ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். கையெழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

முதல் வேலை: கடன் நோட்டு

மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்கும் அந்த 555 நோட்டு, மலாய்க்காரர்கள் 'பூக்கு தீகா லீமா' என்பது, அதில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய நோட்டு வேண்டாம். பெரிய நோட்டு வீட்டில் இருக்கும். நீங்கள் வேலையில் இருப்பீர்கள்.

முறை இதுதான். புதிதாக ஒரு சொல் தெரிந்துகொண்டால் அது உங்கள் பெயரில் கடன். தேதி போட்டு எழுதுங்கள். நிஜமான ஒரு தேவைக்கு, நிஜமான ஓர் ஆளிடம் அந்தச் சொல்லைப் பேசினாலோ எழுதி அனுப்பினாலோ பக்கத்தில் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் கடன் அடைந்தது, குறுக்கே அடித்துவிடலாம். கண்ணாடி முன்னால் நின்று சொன்னதற்குக் கோடு கிடையாது. ஒரே நேரத்தில் ஏழு கடனுக்கு மேல் வைக்காதீர்கள். பழைய பாக்கியைக் கட்டினால்தான் புதுச் சரக்கு என்று கடைக்காரர் சொல்வார் இல்லையா, அதே கணக்கு.

எழுதும்போது சொல்லையும் அர்த்தத்தையும் மட்டும் எழுதினால் போதாது. நர்சரி அக்கா முதல் நாள் 'ரன் அவுட் ஆஃப்' என்று எழுதி, எதிரே 'தீர்ந்துபோதல்' என்று போட்டிருந்தார். அழகான கையெழுத்து. அடித்துவிட்டேன்.

"உங்க வீட்டுல அடிக்கடி என்னக்கா தீரும்?"

"கேஸ்தான் சார். அதுவும் சோறு பாதி வேகறப்பதான் தீரும்."

"அப்ப அதையே எழுதுங்க."

'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் கேஸ்' என்று எழுதினார். அடுத்து, நர்சரியில் என்ன தீரும் என்று கேட்டேன். செம்பனைக் கன்று வைக்கும் கறுப்புப் பாலிபேக். அது ஒரேயடியாகத் தீராது, கட்டுக் கட்டாகக் குறையும். அதற்கு 'வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் பாலிபேக்ஸ்'. முதலாவது தீர்ந்துவிட்டது, இரண்டாவது தீர்ந்துகொண்டு வருகிறது. இந்த வித்தியாசத்தை இலக்கணமாகச் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். கேஸும் பாலிபேக்கும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டன. அந்த வாரமே சின்ன துரையிடம் (தோட்டத்து உதவி மேலாளர்) இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லி, முதல் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பாலிபேக்கும் வந்ததாம்.

எந்தச் சொற்களைக் கடன் வாங்குவது?

அகராதியை 'ஏ' எழுத்திலிருந்து தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் 'சி'யைத் தாண்டியதில்லை. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில ஆசிரியர் 1953-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்கள். சாதாரணமாக நாம் படிக்கும் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் சுமார் 80 விழுக்காடு இந்தச் சொற்களுக்குள் அடங்கிவிடும். இடைநிலைப் பள்ளி முடித்தவருக்கு அதில் பெரும்பாலானவை முன்பே தெரியும். அப்புறம் ஏன் பேச்சு புரிவதில்லை? தெரிந்த சொற்களே ஜோடி சேர்ந்து வேறு ஆளாகிவிடுவதால்தான். கெட், புட், டேக், கோ, கம், டர்ன், லுக், ரன், கிவ், செட், ப்ரிங், மேக். இந்தப் பன்னிரண்டும் எல்லாருக்கும் தெரியும். பின்னால் ஒரு அப்போ, ஆஃபோ ஒட்டினால் போச்சு. ஃப்ரேசல் வெர்ப் என்பது இதுதான். ஆகவே புதுச் சொல் தேடாதீர்கள். தெரிந்த சொல்லின் புது ஜோடியைத் தேடுங்கள்.

ஒட்டுச் சொல்லுக்குத் தமிழ்க் காது போதும்

ஆங்கிலேயர்களுக்கே இது தெரிந்த விஷயம்தான். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில், வினையோடு ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றுவதுதான் வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய தொல்லை என்று எழுதியிருக்கிறார். அவர் தமிழரை மனத்தில் வைத்து எழுதவில்லை. நமக்கு இது பழகிய விளையாட்டு.

'கண்டுபிடி' என்கிறோம். திருடனைக் கண்டு பிடித்தால் சரி. மருந்தைக் கண்டுபிடித்தவர் எதைப் பிடித்தார்? 'எழுதித் தள்ளினான்' என்றால் யாரும் எதையும் தள்ளவில்லை. 'சொல்லி வை', 'வந்து தொலை', 'தூங்கிப் போனான்'. இரண்டு வினை சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைச் சொல்வது நமக்கு மூச்சு விடுவதுபோல. ஆங்கிலம் இரண்டாவது வினைக்குப் பதிலாக ஒரு திசைச் சொல்லை வைக்கிறது, அவ்வளவுதான்.

'அப்' பல இடங்களில் நம்முடைய 'விடு', 'தீர்' செய்கிற வேலையைச் செய்யும். 'ஈட் யுவர் ரைஸ்' என்றால் சோறு சாப்பிடு. 'ஈட் அப் யுவர் ரைஸ்' என்றால் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிடு. 'யூஸ் அப்', 'ட்ரிங்க் அப்' எல்லாம் இந்த ஜாதி. 'ஆஃப்' என்றால் பிரிவது, விலகுவது: 'டேக் ஆஃப்' கழற்றுவது, 'ஃபால் ஆஃப்' கழன்று விழுவது, 'செட் ஆஃப்' ஊரை விட்டுக் கிளம்புவது, 'பே ஆஃப்' கடனைத் தீர்த்து அதிலிருந்து விலகுவது. 'அவுட்' என்றால் ஒன்று வெளியே வரும் அல்லது காலியாகும். 'ஃபைண்ட் அவுட்' செய்தால் உண்மை வெளியே வரும். 'ரன் அவுட்' ஆனால் கேஸ் காலி. 'வேர் அவுட்' ஆனால் ரப்பர் பூட்ஸ் தேய்ந்து உள்ளே தண்ணீர் வரும்.

'ஆன்' நம்முடைய 'கொண்டிரு'. 'கேரி ஆன்' செய்துகொண்டிரு, 'கோ ஆன்' சொல்லிக்கொண்டிரு, 'ஹோல்ட் ஆன்' பிடித்துக்கொண்டிரு. 'ஹேங் ஆன்' போனில் தொங்கிக்கொண்டிரு. அந்தக் காலத்தில் யாராவது இதை எனக்குச் சொல்லியிருந்தால் கோலாலம்பூரில் ஒரு நாற்காலி கிடைத்திருக்கும்.

இதெல்லாம் சட்டம் இல்லை, வழிகாட்டும் அம்புக்குறி மட்டும்தான். 'லுக் அப்' என்று அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது எதுவும் தீர்ந்துவிடாது. 'டர்ன் டவுன்' என்றால் ரேடியோ சத்தத்தைக் குறைப்பது, வந்த வேலையை வேண்டாம் என்பதும் அதுவே. பாரத்தைப் பூர்த்தி செய்வதற்கு 'ஃபில் இன்' என்றாலும் 'ஃபில் அவுட்' என்றாலும் ஒன்றுதான். உள்ளே, வெளியே இரண்டும் ஒரே பாரத்தில். சிரித்துவிட்டு எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

பழகும் விதம்: வாரத்துக்கு ஓர் ஒட்டு. இந்த வாரம் 'ஆஃப்' என்றால், வீட்டிலும் வேலை இடத்திலும் கழல்வது, விலகுவது, துண்டிப்பது எதைக் கண்டாலும் ஆங்கிலத்தில் அதற்கு 'ஆஃப்' ஜோடி உண்டா என்று பாருங்கள். ஒரு வினையை எடுத்து அதன் இருபது ஜோடிகளையும் மனப்பாடம் செய்வது எனக்குப் பிடிக்காத வழி. 'கெட் அப்', 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்', 'கெட் ஓவர்' என்று ஒரே மூச்சில் படித்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பேசும்போது எதுவும் வராது.

நம் ஊர் ஆங்கிலம், வெளியூர் ஆங்கிலம்

மலேசியாவில் படிப்பவருக்கு மட்டும் உள்ள ஒரு வேலை இது. லண்டனிலோ சென்னையிலோ அச்சடித்த பாடநூலில் இருக்காது. நாம் பள்ளியிலும் கடையிலும் பேசும் ஆங்கிலத்தில் பாதி, மலாயை உள்ளே போட்டு ஆங்கில உறை மாட்டியது. அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்குக் கைலி, ஆபிசுக்குச் சிலுவார் (காற்சட்டை). எதை எங்கே உடுத்துவது என்று தெரிந்தால் போதும்.

'பாஸ் அப்' என்ற சொல்லைப் பாருங்கள். "பாஸ் அப் யுவர் புக்ஸ்" என்று ஆசிரியர் சொன்னால் நோட்டைக் கொடுத்துவிடுவோம். முவெட் எழுதப்போகும் பிள்ளைகளில் ஒருத்தி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மின்னஞ்சல் எழுதிக் காட்டினாள். 'ஐ ஹேவ் பாஸ்ட் அப் மை ஃபார்ம்' என்று இருந்தது. வெளியூர் ஆங்கிலத்தில் 'பாஸ் அப்' என்றால் கிடைத்த வாய்ப்பை வேண்டாம் என்று விட்டுவிடுவது. பாரத்தைக் கொடுத்துவிட்டேன் என்று எழுத நினைத்தவள், பாரமே வேண்டாம் என்பதுபோல் எழுதிவிட்டாள். வேண்டியது 'ஹேண்ட் இன்'. அனுப்பும் முன் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

மலாயில் 'புக்கா' என்றால் திற. சப்பாத்தையும் 'புக்கா', விளக்கையும் 'புக்கா'. அதனால் நம் வாயில் 'ஓப்பன் யுவர் ஷூஸ்', 'ஓப்பன் த லைட்'. வெளியே 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', 'டர்ன் ஆன் த லைட்'. தட்டைக் கழுவி எடுத்து வைப்பது நமக்கு 'சிம்பான்', ஆகவே 'கீப் த ப்ளேட்ஸ்'. அதைக் கேட்ட வெள்ளைக்காரர் தட்டை அவருக்கே கொடுத்துவிட்டதாக நினைப்பார். 'புட் அவே' என்பது சரி. 'மருந்து சாப்பிட்டியா' என்று தமிழிலும் கேட்கிறோம், 'மாக்கான் ஊபாட்' என்று மலாயிலும் சொல்கிறோம். இரண்டும் சேர்ந்து 'ஈட் மெடிசின்' ஆகிவிட்டது. 'டேக்' போதும்.

லோரித் தம்பிக்கு 'கட்'தான் வியாதி. "ஐ கட் த பஸ், தென் ஐ கட் த கார்" என்று அவர் ஒரு பயணத்தை விவரித்தபோது, ரம்பம் எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போன மாதிரி இருந்தது. வெட்டுவதற்கும் முந்துவதற்கும் ஒன்றாக இருக்கும் மலாய் 'போத்தோங்' செய்த வேலை. வண்டியை முந்துவது 'ஓவர்டேக்', வரிசையில் இடையே நுழைவது 'ஜம்ப் த க்யூ'. இதே மாதிரி 'ஐ ஃபாலோ யூ' என்றால் நமக்கு அவர் காரிலேயே ஏறிப்போவது, அவருக்கு நாம் வேறு வண்டியில் பின்னால் வருவது. சாலையோரம் நின்று ஏமாந்தவர்கள் உண்டு. 'கேன் ஐ கம் வித் யூ' என்று கேளுங்கள்.

'கோஸ்தான்' மட்டும் எனக்குச் செல்லம். கப்பல்காரர்களின் 'கோ அஸ்டர்ன்' கரையேறி, நம் லோரிகளைப் பின்னால் எடுக்கிறது. வெளியே 'ரிவர்ஸ்' அல்லது 'பேக் அப்'. ஆனால் ஆலை வாசலில் குலை ஏற்றிய லோரிக்கு வழிகாட்டும்போது தம்பி 'கோஸ்தான், கோஸ்தான்' என்றுதான் கத்த வேண்டும். அங்கே போய் 'பேக் அப்' என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

555-இன் கடைசிப் பக்கங்களை இதற்கென்று ஒதுக்குங்கள். இடப்பக்கம் நம் ஊர், வலப்பக்கம் வெளியூர். மற்றக் கடன்களைப்போல் இதை அடிக்க வேண்டாம், இரண்டும் தேவைப்படும்.

இடமும் அழுத்தமும்

சுருக்கமாக இரண்டு விஷயம். 'டர்ன் ஆஃப் த ஃபேன்' சரி, 'டர்ன் த ஃபேன் ஆஃப்' என்பதும் சரி. ஃபேனுக்குப் பதிலாக 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' கிடையாது. சில ஜோடிகள் நடுவில் யாரையும் விடாது: 'லுக் ஆஃப்டர் ஹர்' மட்டும்தான். எது எந்த ரகம் என்பதற்கு விதி தேடி அலையாதீர்கள். கற்போருக்கான அகராதிகளில் ஜோடிக்கு நடுவே 'சம்திங்', 'சம்படி' என்பதன் சுருக்கம் போட்டிருந்தால் பிரியும், இல்லாவிட்டால் பிரியாது. நோட்டில் எழுதும் வாக்கியத்திலேயே ஒரு 'இட்' அல்லது 'ஹிம்' வைத்து எழுதினால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது.

அழுத்தம்: நாம் எல்லாச் சொல்லையும் ஒரே கனத்தில் சொல்வோம். ஆங்கிலம் அப்படி இல்லை. 'த லோரி ப்ரோக் டவுன்' என்னும்போது கனம் 'டவுன்' மேல். 'எ ப்ரேக்டவுன்' என்று பெயர்ச்சொல்லானால் கனம் 'ப்ரேக்' மேல் ஏறிவிடும். அகராதிச் செயலிகளில் ஒலிப்பெருக்கிக் குறியைத் தொட்டுக் கேட்டு, கனம் விழும் இடத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மரபுத்தொடர்: இருபது புரியட்டும், மூன்று பேசுங்கள்

மலாயில் 'மாக்கான் ஆங்கின்' என்றால் காற்றைச் சாப்பிடுவது இல்லை, ஊர் சுற்றப் போவது என்று நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். இடியம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தமிழில் ஜோடி உள்ளவற்றை முதலில் எடுங்கள், தானாக மனத்தில் நிற்கும். 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' அங்கே ஒரே கல்லில் இரண்டு பறவை. 'முதலைக் கண்ணீர்' அப்படியே முதலைக் கண்ணீர். அத்தி பூத்தாற்போல என்பது 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்'. கொல்லன் தெருவில் ஊசி விற்பது அவர்களுக்கு நியூகாசலுக்கு நிலக்கரி கொண்டுபோவது. சுற்றி வளைக்காதே என்பதற்கு 'டோன்ட் பீட் அரவுண்ட் த புஷ்'. புதரைச் சுற்றி அடிக்காதே.

ஒரே மாதிரி தெரிந்து கவிழ்ப்பதும் உண்டு. நாம் 'காலை வாரிவிட்டான்' என்றால் துரோகம். அவர்கள் 'ஹி புல்ட் மை லெக்' என்றால் சும்மா கிண்டல் செய்தான். மேலாளரிடம் ஒருவரைப் பற்றிக் குற்றம் சொல்ல நினைத்து இதைச் சொன்னால் அவர் சிரித்துவிட்டுப் போவார்.

'கிக் த பக்கெட்' என்பதைப் பலரும் ஆசையாகக் கற்றுக்கொள்கிறார்கள். வாளியை உதைப்பது என்றால் செத்துப்போவது. பாட்டி முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கேட்டதும், "வாளிய ஒதச்சா பாலுதான் போகும், உசுரா போகும்?" என்றார். அன்றைக்கு வகுப்பு அதோடு முடிந்தது. உண்மையில் அந்தத் தொடர் நக்கல். துக்க வீட்டில் சொன்னால் உங்களைத்தான் உதைப்பார்கள். அங்கே சொல்ல வேண்டியது 'பாஸ்ட் அவே'. காலமானார் என்பதுபோல. மழை வந்தால் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதும் பள்ளிக் கட்டுரையில்தான் உயிரோடு இருக்கிறது. நேர்ப்பேச்சில் மழை ஊற்றுகிறது என்ற பொருளில் 'இட்ஸ் போரிங்' என்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், நிறையப் புரிந்துகொள்ளுங்கள், கொஞ்சமாகப் பேசுங்கள். ஒரு பத்தியில் மூன்று மரபுத்தொடர் வைத்துப் பேசுகிறவர் வேஷம் கட்டியவர்போல் தெரிவார்.

கூச்சப்படவும் வேண்டாம். ஆங்கிலமும் கடன் வாங்கித் தின்ற மொழிதான். நம் கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுத்தண்ணியையும் எடுத்துக்கொண்டது. வெறிபிடித்து ஓடுவதற்கு அவர்கள் சொல்லும் 'ரன் அமோக்', மலாயின் 'ஆமோக்'. எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. உலகத்துச் செம்பனை வரலாற்றில் ஆங்கில எழுத்தில் அச்சாகிக்கொண்டிருப்பது நம் தென்னமரம்தான். அவர்கள் 555-இல் நம் பெயரிலும் பற்று இருக்கிறது.

மறக்காமல் இருக்க

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எப்போது எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். படித்த உடனேதான் மறதி வேகமாக இருக்கும். போகப் போக அதன் வேகம் குறையும். நமக்கு அதில் கிடைப்பது ஒரு நேர அட்டவணை: எழுதிய அன்று இரவு, மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிஷம். படிக்காதீர்கள். ஆங்கிலப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்ற தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை வரவழையுங்கள். வராமல் திணறும் அந்தச் சில வினாடிதான் பயிற்சி. திறந்து பார்த்துத் தலையாட்டுவது பயிற்சி ஆகாது.

யாரிடம் பேசுவது?

எல்லாரும் கேட்கும் கேள்வி. வீட்டில் தமிழ், கடையில் மலாய், வேலையில் இரண்டும். ஆங்கிலத்துக்கு ஆளே இல்லை.

வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பிடியுங்கள். உங்களைவிடக் கொஞ்சம் கூடத் தெரிந்தவர் என்றால் நல்லது, சமமானவர் என்றாலும் மோசமில்லை. ஒரு நாளைக்கு ஒரு நிமிஷக் குரல் செய்தி. அதில் உங்கள் கடன் ஒன்றாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு கிடையாது. திருத்தம் எழுதி அனுப்ப வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்லிப் பதில் அனுப்பினால் போதும். "ஐ ஓப்பன் மை ஷூஸ்" என்று இவர் அனுப்பினால், "ஓ, யூ டுக் ஆஃப் யுவர் ஷூஸ்?" என்று அவர். யார் முகமும் வாடாது.

பாட்டி வேறு வழி பிடித்தார். பேரனோடு வீடியோ அழைப்பில் இருக்கும்போது சமையல் செய்துகொண்டே செய்வதைச் சொல்வார். "ஐ ஆம் டேக்கிங் ஆஃப் த லிட். ஐ ஆம் டர்னிங் டவுன் த ஃபயர்." பேரன், "பாட்டி, டர்ன் இட் ஆஃப், இட்ஸ் பர்னிங்!" என்று கத்தினானாம். ரசம் தீய்ந்தது, மூன்று கோடு விழுந்தது.

கேட்பதற்கு அரசு ஒலிபரப்பான ஆர்டிஎம்மின் ஆங்கில வானொலி ட்ராக்ஸ் எஃப்எம் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது. படம் பார்த்தால் எழுத்தும் ஆங்கிலத்திலேயே ஓடட்டும். மலாய் எழுத்து ஓடினால் கண் அதைப் படித்துக்கொண்டு காதை மூடிவிடும். பதினைந்து நிமிஷம் போதும். ஒரு ஜோடி காதில் விழுந்தால் நிறுத்தி எழுதுங்கள்.

பரீட்சை எழுதுகிறவர்களுக்கு

முவெட்டில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு தாள். 2021 முதல் ஐரோப்பிய மொழித்தர அளவீட்டோடு இணைத்து, 1-இலிருந்து 5+ வரை பேண்ட் தருகிறார்கள். பேசும் தாளிலும் நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலிலும் மேலே சொன்ன ஜோடிகள் இயல்பாக வரட்டும். முறையான கட்டுரையில் பல இடங்களில் அவற்றுக்குப் பதில் ஒற்றைச் சொல் பொருந்தும். 'புட் ஆஃப்' என்பது நம் 'தள்ளிப்போடு', 'போஸ்ட்போன்' நம் 'ஒத்திவை'. கூட்டத்தைத் தள்ளிப்போட்டாச்சு என்று வாயால் சொல்வோம். அறிவிப்பில் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதுவோம். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் போயின. பழைய ஆங்கிலச் சின்னச் சொற்கள் அடுப்படியிலும் வயலிலும் தங்கின. லத்தீன் சொற்கள் பின்னால் ஏட்டு வழியாக வந்து சேர்ந்தன. அந்த வாசனை இன்னும் போகவில்லை. ஆகவே இந்தப் பிள்ளைகள் நோட்டில் ஜோடிக்குப் பக்கத்திலேயே ஒற்றைச் சொல்லையும் எழுதுகிறார்கள்: 'ஃபைண்ட் அவுட்' எதிரே 'டிஸ்கவர்', 'ஹேண்ட் இன்' எதிரே 'சப்மிட்'.

முதல் வாரத்துக்கு ஏழு

தொடங்கத் தயங்குகிறவர்களுக்கு என் வகுப்பின் முதல் வாரக் கடன்களைத் தருகிறேன். 'ஹேங் ஆன்', போனில். 'டேக் ஆஃப்', வாசலில் சப்பாத்துக்கு. 'டர்ன் இட் ஆஃப்', ஃபேனுக்கு. 'புட் அவே', கழுவிய தட்டுக்கு. 'ஹேண்ட் இன்', பாரத்துக்கும் எம்சிக்கும் (மருத்துவ விடுப்புச் சான்று). 'பிக் ஹிம் அப்', பள்ளி வாசலில் பிள்ளைக்கு. ஏழாவது 'ரன் அவுட் ஆஃப்'. அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லை நான் எழுதித் தர முடியாது. உங்கள் அடுப்படியைப் பார்த்து நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.